வேர்க்கும் சதுரம்

மண்ணைக் கழுவ வேண்டும் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஆனால் கரையோர ஊர்களில் வீட்டுக்குள் சீமெந்துத் தரை, நாங்கள் நிலம் என்போம், போடும் மேசனுக்கு அதுதான் முதல் வேலை. கடற்கரை மண்ணில் உப்பு இருக்கிறது. கழுவாமல் சீமெந்தோடு குழைத்தால் வெயில் காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. மாரி தொடங்கியதும் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நிலம் வேர்த்துக் கறுக்கும். நல்ல தண்ணீரில் நாலு தரம் அலசினால் உப்புப் போய்விடும். போய்விட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

காணாமல்போனவர்கள் பதிவில் என் மகளின் பெயர், வயது, பிடித்துக்கொண்டுபோன திகதி எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. இந்த முகாமில் எனக்கு வேறு வேலையும் இல்லை.

விடத்தல்தீவில் மதலேனா அம்மாவின் வீடு பழைய கல்வீடு. சுண்ணாம்பு நிலம், பொரிந்து கிடந்தது. கணவர் கடலில் போனவர். ஒரே மகன் எமில், இருபது வயது. 2007ஆம் ஆண்டு, இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். ஆனி மாதம் என்னைக் கூப்பிட்டார்.

"நிலத்தை உடைச்சுப் புதுசாப் போடவேணும் மாரிமுத்து. சிவப்பு நிலம். அதோட சாமியறைக்க ஒரு கிடங்கும் வேணும்."

"கிடங்கு எதுக்கும்மா?"

"விசர்க் கதை கதையாத. மலைநாட்டால வந்து முப்பது வருசமாச்சு, இன்னும் உனக்கு எல்லாம் விளங்கப்படுத்தவேணுமே?"

கெட்டிக்காரி. மகனை ஒளிக்கக் குழி தோண்டினாலும், நிலம் உடைக்கிற வீட்டில் மண் குவிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கிடங்கின் மூடி எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. சிவப்பு நிலத்தில் ஈரம் காயமுன் நூல் வைத்து இரண்டடிச் சதுரங்களாகக் கோடு இழுப்போம். மூடியும் சரியாக இரண்டடிச் சதுரம். அதன் விளிம்பு அந்தக் கோடுகளுக்குள் மறைந்துவிடும். பலகை, அதன்மேல் கம்பிவலை, அதன்மேல் ஒரு அங்குலச் சீமெந்து. தடியால் தட்டினால் வெறுஞ்சத்தம் கேட்குமே என்பீர்கள். அதற்காகப் பழைய மீன்வலையை இறுக்கிச் சுருட்டிப் பலகையின் அடியில் அடித்தேன். சத்தத்தை வலை குடித்துவிடும். உள்ளே இருப்பவன் தோளால் உந்தித் திறக்கலாம்.

மண் கழுவத் தண்ணீர் சுமந்தவள் என் மூத்தவள் சிவமலர். வயது பத்தொன்பது. மதலேனா அம்மா வீட்டுக் கிணறு உவர். பள்ளிக்கூடத்துக்கு அங்கால்தான் நல்ல தண்ணீர். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் குடம். ஐந்தாம் நாள் கிணற்றடியில் வைத்து இயக்கப் பொடியன்கள் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். குடம் கவிழ்ந்து கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு வந்து மதலேனா அம்மாவிடம் சொன்னேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டார். "பாவம் பிள்ளை" என்றார். பிறகு, "நாளைக்கு வேலைக்கு வருவிதானே? அடுத்தது இஞ்சதான் வருவாங்கள்" என்றார். நான் பின்வாசலில், எனக்கென்று வைத்திருந்த தகரப் பேணியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சிசிலியாவிடம் சொன்னது கேட்டது.

"அவையளுக்கென்ன, இன்னும் மூண்டு கிடக்குதுதானே. எனக்கு ஒண்டெல்லே."

நான் கோபப்படவில்லை. எனக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் இருந்தது உண்மைதான்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். தண்ணீர் சுமக்க ஆள் இல்லாததால் மூடிக்குரிய மண் கழுவப்படாமல் போனது. மனைவிக்கு அப்படித்தான் சொன்னேன். மற்ற நிலம் முழுவதற்கும் நானே தண்ணீர் சுமந்து நாலு தரம் அலசினேன்.

புரட்டாதியில் இயக்கப் பொடியன்கள் வந்து நிலம் முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். எமில் உள்ளேதான் இருந்தான். மதலேனா அம்மா எனக்கு ஒரு பாரைக் கருவாடு அனுப்பினார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் ஆள் அனுப்பினார். போனேன். நிலம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. சாமியறையில் ஒரு சதுரம் மட்டும் கறுத்து நனைந்திருந்தது.

"இதென்ன மாரிமுத்து, துடைக்கத் துடைக்க ஊறுது?"

"மாரிதானேம்மா. காஞ்சிடும்."

"பாயைப் போட்டு மூடிவிடட்டே?"

"பாய் போடாதீங்கம்மா. ஈரம் வெளிய போகாம உள்ளயே நிக்கும்."

அது பொய்யில்லை. எந்த மேசனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

இரண்டு நாள் கழித்து இயக்கப் பொடியன்கள் திரும்பவும் வந்தார்கள். அந்த வீட்டு விறாந்தைக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அம்மா, இந்த ஒரு சதுரம் மட்டும் ஏன் வேர்க்குது?"

"செம்பு தட்டுப்பட்டுத் தண்ணி ஊத்துப்பட்டது தம்பி."

"அப்ப துடையுங்கோவன்."

துடைத்தார். பொடியன் அவசரப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"திரும்பவும் வேர்க்குது. திரும்பத் துடையுங்கோ."

மூன்றாம் தரம் துடைக்கும்போது மதலேனா அம்மா அழத் தொடங்கிவிட்டார். நான் கையிலிருந்த ஓடு ஒன்றை அதன் இடத்தில் பொருத்திவிட்டுத்தான் இறங்கினேன்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டுபோன எமிலைத் தை மாதம் பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்க விடவில்லை.

ஒளித்தவன் ஒருவன் அகப்பட்டால் ஏற்கெனவே கொண்டுபோன பிள்ளை ஒன்றை விடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிவமலர் வரவில்லை.

அடக்கம் முடிந்த கிழமை கிடங்கை மூடிவிடச் சொல்லி மதலேனா அம்மா கூப்பிட்டார். அலசிய மண்ணால் நிரப்பி, அந்தச் சதுரத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி தந்தார். "நீர் செய்தது நல்ல கிடங்கு மாரிமுத்து. எங்கட காலம்தான் சரியில்லை" என்றார். அதுவரை என்னை 'நீர்' என்று சொன்னதில்லை. நான் கோப்பையை முழுவதும் குடித்தேன்.

ஆள் இல்லாததால் மண் கழுவப்படவில்லை என்றேன் அல்லவா, அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். கழுவாத மண்ணின் உப்பு போதாமல் போகலாம் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதனால் அந்த ஒரு சதுரத்தைக் குழைக்க இறங்குதுறைக்கு நடந்துபோய்க் கடல் தண்ணீர் இரண்டு வாளி கொண்டுவந்தேன். நல்ல தண்ணீர்க் கிணறு அதைவிடக் கிட்ட இருந்தது.