போறேனுங்கம்மா

விடிகாலை மூன்றே முக்கால் மணி. அமாவாசை. தாராபுரம் தாண்டி அமராவதி ஆற்றை ஒட்டிப் போகும் மண் சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஓர் ஆம்னி வேன் மட்டும் ஆடி ஆடிப் போகிறது. உள்ளே மூன்று பெண்கள். நடுவில் இருப்பவள் பேசிக்கொண்டே வருகிறாள்... மற்ற இரண்டு பேருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை.

இருங்கள். இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். பண்டல் மேல் ஏறாதே அன்புசெல்வி, நாளைக்குத் துணியில் கறை என்று வந்தால் என் தலைதான் உருளும். கம்பெனி டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை, நம்மை வீட்டில் விடுகிற வேன் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள். மதியம் சாப்பிடும்போது ஒருவரைப் பற்றிப் பேசி எல்லோரும் சிரித்தீர்கள் அல்லவா? அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். யாரை என்பது கடைசியில் தெரியும்.

என்னோடு பத்தாவது வரை படித்த நிர்மலாவின் பெரியம்மாவுக்கு நடந்தது இது. அந்த வேனில் நிர்மலாவும் இருந்தாள். பேர் வேண்டாம், பெரியம்மா என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் இல்லை. ஒரே பெண், கோமளா. இருபத்தொரு வயது, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் அடிப்பாள். அம்மா பேச்சைத் தட்டவே மாட்டாள். ஆறு மணிக்கு எழு என்றால் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவாள். நாமெல்லாம் அப்படியா... விடுங்கள்.

பக்கத்து மெஷினில் சஸ்மிதா. ஒடிசாவில் இருந்து வந்த பெண். அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது, இவளுக்கு அவள் பாஷை தெரியாது. ஆனாலும் இரண்டும் ஒட்டிக்கொண்டே திரியும். கோமளாவின் டிபனில் பாதி அவளுக்கு. கோமளாவுக்குத் தலை பின்னிவிடுவது அவள். கையைக் காட்டி, கண்ணைக் காட்டி நாளெல்லாம் சிரிப்பு.

போன கார்த்திகையில் சஸ்மிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. கோமளா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் இவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "மு கரொகு ஜிபி... மு கரொகு ஜிபி..." கோமளாவுக்கு என்ன புரியும்? அவள் மனசு ஆறட்டும் என்று "சரி, சரி" என்று தலையாட்டினாள். விடிவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். அவள் வீட்டில் இருந்து யாராலும் வர முடியவில்லை. இங்கேயே எரித்தார்கள்.

பதினைந்தாம் நாள்... கோமளா தூக்கத்தில் பேச ஆரம்பித்தாள். அப்புறம் விழித்திருக்கும்போதும். தமிழ் இல்லை. அந்தப் பாஷை. சாயங்காலமானால் ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். "மு கரொகு ஜிபி." குரல்கூட அவளுடையது இல்லை. கொஞ்சம் மெலிசு, மூக்கால் பேசுவது போல. டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டே தூங்கினாள், அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த ஆற்றங்கரைக் கருப்பராயன் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். பேய் பிடித்தவர்கள், புத்தி தடுமாறியவர்கள், மருந்துக்கு அடங்காதவர்கள் எல்லோரும் எங்கெங்கிருந்தோ வருகிற கோயில். மண்டபத்தில் மாசக்கணக்கில் தங்கியிருக்கிற குடும்பங்கள் உண்டு. தூணைக் கட்டிக்கொண்டு சிரிப்பவர்கள், சிரிப்பவளைப் பார்த்து அழும் புருசன்மார்கள்... எத்தனையோ பேர் அங்கே குணமாகித் திரும்பியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சாமியைக் குறை சொல்ல நான் யார்?

ஆற்றில் முக்கி எடுத்து, ஈர மஞ்சள் துணியோடு கோமளாவைப் பூசாரி முன்னால் உட்கார வைத்தார்கள். வேப்பிலை வாசம், ஆற்றுச் சேற்று வாசம். உடுக்கைச் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது என்று நிர்மலா சொன்னாள்.

"ஆரு நீ? எந்த ஊரு? எதுக்கு வந்தே?"

"மு கரொகு ஜிபி."

பூசாரி மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதேதான். நிர்மலாவுக்குச் சுருக்கென்றது. "சாமி, இது ஒடிசாக்காரப் புள்ளைங்க. தமிழ் தெரியாதுங்க. பாசை தெரிஞ்ச ஆரையாச்சும் போன்ல கேக்கட்டுங்களா?" என்றாள். பின்னால் டோக்கன் வாங்கிக்கொண்டு முந்நூறு பேர் நிற்கிறார்கள். பூசாரிக்கு ஏது நேரம்? "சாமிக்கு எல்லாப் பாசையும் தெரியுமம்மணி, நீ சும்மா இரு" என்றுவிட்டார்.

மூன்று தடவை உத்தரவு கொடுப்பது அங்கே வழக்கம். மூன்றாவது உத்தரவுக்கு எதுவாக இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டுமாம்.

"இந்த ஒடம்ப உட்டுப்போட்டுப் போயிரு!" ஒன்று. அசைவில்லை. "போயிரு!" இரண்டு. அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாத பார்வை.

பெரியம்மாவால் தாங்க முடியவில்லை. குறுக்கே விழுந்து மகளின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். "போயிரு சாமி... உன்னயக் கும்புட்டுக் கேக்கறேன். போயிரு கண்ணு... போயிரு."

பூசாரி மூன்றாவது உத்தரவு கொடுத்தார். உடுக்கை நின்றது. ஒரு மூச்சு நேரம்... ஆற்றுத் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

"போறேனுங்கம்மா."

மெதுவாக, அடக்கமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தாள். கூட்டம் குலவை போட்டது. பெரியம்மா மண்ணில் புரண்டு அழுதார், சந்தோசத்தில். நிர்மலாவுக்கு மட்டும் ஒன்று இடித்தது. தமிழ் தெரியாத ஒன்று எப்படித் தமிழில் பதில் சொன்னது? அதுவும் நம் ஊர்ப் பேச்சில், இத்தனை மரியாதையாக? ஆனால் அந்தச் சந்தோசத்தில் வாயைத் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கோமளா வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள். பேச்சு மட்டும் இல்லை. நாளாக ஆகச் சரியாகிவிடும் என்றார்கள். நாலாம் நாள் வேலைக்கு அனுப்பினார்கள். அவள் போய்த் தன் மெஷினில் உட்காரவில்லை... பக்கத்து மெஷினில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் ஆறரை. கோமளா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். பெரியம்மா பக்கத்திலேயே இருக்கிறார். வெளியே இரும்புக் கேட் கிரீச்சென்றது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம், முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. அப்புறம் கதவில் இரண்டு தட்டு.

"அம்மா... கதவத் தொறங்க."

கோமளாவின் குரல். பெரியம்மா ஓடிப்போய்த் திறந்தார். யாருமில்லை. படியில் ஈரக் கால் தடம், ஆற்றுச் சேற்று வாசம். திரும்பிப் பார்த்தால், வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பெண்ணும் வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

தினமும் ஆறரைக்கு இது நடந்தது. கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தார். திறந்த கதவிலும் இரண்டு தட்டு. அது படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. கடைசியில் கம்பெனியில் காலர் தைக்கும் பிரதான் என்ற ஒடிசாக்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அந்தப் பெண் அரை மணி நேரம் அவரிடம் பேசினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, இது சஸ்மிதா. வீட்டுக்குப் போகணும் சொல்லுது. வழி தெரியல சொல்லுது. கோமளா கூட்டிட்டுப் போறேன்னு தலையாட்டுச்சாம்."

பெரியம்மா நிர்மலாவிடம் அப்போதுதான் சொன்னார். "பூசாரி தமிழ்லதான போகச் சொன்னாரு? அந்தப் புள்ளைக்கு அது புரியவே இல்ல. புரிஞ்சவ போயிட்டா. நானுந்தான காலப் புடிச்சுட்டுப் போ போன்னேன்... எம்புள்ள எம்பேச்சத் தட்டுவாளா?"

மறுபடியும் கோயிலுக்கு ஓடினார். பூசாரியும் கலங்கித்தான் போனார். "போகச் சொல்றதுக்கு எனக்கு உத்தரவு இருக்குதுங்கம்மா. வரச் சொல்றதுக்கு இல்லீங்க" என்றார்.

பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் பெண்ணை இவள் வீட்டில் கொண்டுபோய் விட்டால் இவள் இறங்கிக்கொள்வாள். இடம் காலியாகும். கோமளா வந்து ஏறிக்கொள்வாள். பிரதான் துணைக்கு வந்தார். ஒடிசா வழியாகப் போகும் தன்பாத் ரயிலில் டிக்கெட் போட்டார்கள். பட்டப்பகலில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். பூட்டும்போதுகூட அது அவருக்கு உறைக்கவில்லை... ஆறரைக்கு வந்து தட்டுகிறவளை நினைக்கவே இல்லை.

ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில். டிட்லாகரில் இறங்கி, விடிந்ததும் பஸ், அப்புறம் ஆட்டோ, அப்புறம் நடை. ஊர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சஸ்மிதாவின் அம்மா அடிபம்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அறியாத பெண் வந்து கட்டிக்கொண்டதும் அந்தம்மா முதலில் விலகப் பார்த்தார். இவள் காதில் என்னவோ சொன்னாள்... அந்தம்மா போட்ட சத்தம் இருக்கிறதே, அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை என்றார் பெரியம்மா. சாமி சத்தியமாக, ஒரு தாய்க்காவது அன்றைக்கு மனசு குளிர்ந்தது.

அப்படியே கட்டிக்கொண்டிருந்தவள் மெல்லத் துவண்டாள். பெரியம்மா ஓடிப்போய் மடியில் தாங்கிக்கொண்டார். "வா கண்ணு. எடம் காலியாயிருச்சு. வா கோமளா... வந்துரு." மூச்சு வருகிறது, கொஞ்சம் நிற்கிறது, வருகிறது...

அப்போது போன் அடித்தது. மணி ஆறரை. எதிர்வீட்டு நஞ்சம்மாள்.

"ஏனுங்க்கா, புள்ளையத் தனியா அனுப்பிச்சுப்போட்டீங்களா? நேத்தும் பொழுதோட வந்து நின்னாளாட்ட இருக்குது, நாந்தான் கவனிக்கல. பூட்டுன கதவத் தட்டிட்டு அம்மா, அம்மாங்கறா. துணியெல்லாம் ஈரமுங்க. நடுங்கறா."

இத்தனை நாள் தன் கண்ணுக்குப் படாதவள் நஞ்சம்மாள் கண்ணுக்குப் பட்டுவிட்டாள். பெரியம்மா மடியைப் பார்த்தார். முகம் வெளுத்துக்கொண்டே போகிறது. அங்கிருந்து இங்கே வர ரயிலுக்கே ஒன்றரை நாள்.

"போன அவகிட்டக் குடு நஞ்சம்மா."

"அம்மா... எங்கீங்க போயிட்டீங்க? குளுருதுங்கம்மா."

அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று பெரியம்மா அழவில்லை. "சாவி மீட்டர் பெட்டிக்கு மேல இருக்குது கண்ணு. உள்ள போயித் தாப்பாளப் போட்டுட்டுப் படுத்துக்க. அம்மா வந்தர்றேன். அது வரைக்கும் ஆரு வந்து கூப்புட்டாலும் தொறக்காதே."

"சரிங்கம்மா."

பூட்டுத் திறக்கிற சத்தம் போனில் கேட்டது. மடியில் மூச்சு நின்றது.

இங்கே அந்தப் பெண்ணை எரித்தோம். அங்கே நம் பெண்ணை எரித்தார்கள். புதுச் சேலை எடுத்துவந்து போர்த்தியது சஸ்மிதாவின் அம்மாதான். பெரியம்மா சாம்பல் கலயத்தோடு வந்து இறங்கினார். நிர்மலா ஸ்டேஷனில் இருந்து கூட்டிப் போனாள். கதவில் வெளிப்பூட்டு இல்லை. தள்ளிப் பார்த்தாள், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பெரியம்மா இரண்டு தட்டுத் தட்டினார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டதும் நிர்மலா பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

என்ன அன்புசெல்வி? ஏன் எழுந்துவிட்டாய்?

"அக்கா... அந்தப் பெரியம்மா நம்ம நூல் பிசிறு வெட்டற மருதக்காளுங்களா? கீழ கேட் கிட்ட உக்காந்திருக்குதே... அந்தக்கா தனியாத்தானுங்களே இருக்குது?"

தனியாகத்தான் இருக்கிறார். ராத்திரி வேனில் இருந்து இறங்கித் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு நிற்கிறார் என்றுதானே மதியம் சிரித்தீர்கள்?

அதோ, ஹாரன். எழுந்திருங்கள். நெருப்பெரிச்சல் ஊர் வளைவில் மருதக்கா இறங்க வேன் நிற்கும்போது இன்றைக்கு ஒருத்தியும் பேசக் கூடாது. இன்ஜினை அணைக்கச் சொல்கிறேன். மருதக்கா இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே இருந்து "ஆருங்க?" என்று கேட்கும். "அம்மாதான் கண்ணு" என்று அவர் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகும்.