கோழி மாவில் ஆடு

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மீனு கோழியத் தின்னா என்ன, ஆட்டத் தின்னா என்ன புள்ள?" என்றார் அவர்.

"மீனுக்கு ஒண்ணுமில்லீங்க, வாங்கறவனுக்குத்தான். வெளிநாட்டுல சால்மன் மீனு வளக்கறவங்க தீவனத்துக்குக் கோழிக் கழிவு மாவு மட்டுந்தான் கேட்டாங்க. அதுல ஆட்டுக் குடலக் கொண்டாந்து கொட்டியிருக்கறீங்க."

"உன்ற அண்ணன் கறிக்கடையில வீணாப் போவுதேன்னு நான் ஓட்டற கம்பெனி வண்டியில ஏத்திட்டு வந்தேன். ரெண்டே கூடை."

"அந்த ரெண்டு கூடையில, மாவச் சோதிச்சுப் பாத்துட்டு மொத்த லோடும் வேண்டாம்னுட்டாங்க. கோழி மட்டுந்தான்னு கையெழுத்துப் போட்டது நானுங்க. மொதலாளி எங்கிட்டத்தான் கேக்கறாரு."

பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டியது.

"ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லிப்போடு," என்றார் அவர் மெதுவாக.

"காத்தாலயே போன்ல சொல்லிட்டனுங்க, எங்க ஊட்டுக்காரருதான் கொட்டுனாருன்னு."

அவர் மனைவியையே பார்த்தார். "அப்பறம் என்னைய எதுக்குக் கூட்டிட்டுப் போற?"

"வண்டிச் சாவிய நீங்களே மொதலாளி கையில குடுத்தறோணுமாங்க."