புரோகிராம் வீடு மாறிய கதை

கொல்கத்தாவில், சியால்தா ஸ்டேஷன் தாண்டிய மெட்ரோவில், என் முதுகுக்குப் பின்னால் தமிழ் கேட்டது.

"புரோகிராம் வீடு மாறிடுச்சுடா. நீ இன்னும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிட்டிருக்கே!"

கம்பியைப் பிடித்து நின்ற பெண் சொன்னாள். அவளுடைய அலுவலகத் தோழன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"டெஸ்ட்ல ஓடிச்சே, மாலினி."

"டெஸ்ட்ல எப்பவும் மெமரில ஒரே இடத்துல ஏத்தினாங்க. நேத்து புது மெயின்பிரேம் கம்ப்யூட்டர்ல வேற இடம், கவுந்துடுச்சு. அசெம்ப்ளி லாங்வேஜ்ல அந்த இடத்துக்கு லேபிள்னு ஒரு பேரை வச்சு எழுதியிருந்தா, புரோகிராம் கூடவே நகர்ந்திருக்கும். நீ அட்ரஸை நம்பராவே எழுதி வச்சிருக்கே!"

"அவசரத்துல எழுதிட்டேன்."

"மதியம் பேங்க்குக்குப் போகுது. அதுக்குள்ள மாத்தலேன்னா உன் வேலை அவ்ளோதான். நம்பரா எழுதினது ஒரே இடத்துலதானே?"

"என் புரோகிராம்ல ஒரே இடம்தான்."

"உன் புரோகிராம்லன்னா?"

கருணாமயி ஸ்டேஷன் வந்து போனது. அவன் அட்டையை விட்டான்.

"நல்லா ஓடுதேன்னு அந்த கோட் துண்டை டீம்ல எல்லாருக்கும் அனுப்பினேன். நீகூட எடுத்துக்கிட்டு, தேங்க்ஸ்னு போட்டியே."

"தாதா, ஏக்டு ஷோருன்" என்று வங்காளத்தில் வழி கேட்டு, மாலினி கூட்டத்தை விலக்கி, ரயில் நிற்பதற்குள் அவனுக்கு முன்னால் கதவருகே போய் நின்றாள்.