கொம்புப் பாறைத் தொப்பி

— இந்தத் தொப்பியைப் பிரிக்க மாட்டேன் மச்சான். நீ வாசல்ல நின்னு கத்தினாலும் சரி, உள்ள வந்து உக்காந்து கத்தினாலும் சரி.

— கத்த வரல செலீனா. சரி சரி, கேளு. நாளைக்கு உங்கம்மா நினைவு விருந்து. காக்கைக் குலத்துப் பக்கத்து ஆளுங்க நீங்க விருந்து வைக்கிறீங்க. கழுகுப் பக்கத்து ஆளுங்க நாங்க அத்தனை பேரும் எதிர்ல உக்காரப் போறோம். ஜூனோ பட்டணத்துல இருந்துகூட படகு படகா சனம் வந்து இறங்குது. அந்த நேரம் பார்த்து உன் தம்பி லெஸ்டர், தலையில எங்க கொம்புப் பாறையைப் பின்னின தொப்பியோட எழுந்து நின்னா என்ன ஆகும்?

— அழகா இருக்கும்.

— விளையாடாத.

— யாரு விளையாடுறா? ரெண்டு குளிர்காலம் மச்சான். ஸ்ப்ரூஸ் மரத்து வேரைத் தோண்டி, நெருப்புல வாட்டி, தோலை உரிச்சு, நார் நாராக் கிழிச்சு... இந்தக் கட்டைவிரலைப் பாரு. நகம்னு ஒண்ணு இருக்கா? இன்னிக்குக் காலையிலதான் கடைசி நாரை முடிஞ்சேன். டீ வைக்கலாம்னு திரும்பினா நீ வந்து நிக்கிறே, மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு.

— வேலையை யாரு குறை சொன்னா? ஓரத்தைச் சுத்தி ஃபயர்வீட் பூ போட்டிருக்கியே, அதைப் பார்த்தா கண்ணு அங்கயே நிக்குது. அதை எவனும் கேக்கப் போறதில்ல. பூ எல்லாருக்கும் பொது. லூபின் போடு, லில்லி போடு, மலைச்சரிவுல பூக்கிற அத்தனையும் கொண்டாந்து போடு. பாறை அப்படியா? பாறை எங்களோடது.

— பாறை கடல்ல இருக்கு. கடல் என்ன உங்க வீட்டுக் கொல்லையா?

— தெரியாத மாதிரி பேசுறே பாரு. எங்க ஆளுங்க மொதமொத இந்த விரிகுடாவுக்குள்ள வந்தப்போ ஓடம் அதுலதானே உடைஞ்சுது? அண்ணன் தம்பி நாலு பேரு போயிட்டாங்க. உயிரைக் குடுத்து வாங்கின பாறை அது. அதோட பாட்டு, அதோட கதை, அதோட உருவம், எல்லாம் எங்க வீட்டுச் சொத்து. அடுத்தவங்க கேக்காம அதைப் போட்டுக்கிட்டா, எங்க செத்தவங்களை எடுத்துத் தலையில மாட்டிக்கிட்ட மாதிரி.

— நான் அடுத்தவளா? எங்கப்பா உங்கம்மாவோட கூடப் பொறந்த அண்ணன். மறந்து போச்சா?

— சின்ன மாமா எங்க ஆளு. நீ உங்கம்மா வீட்டு ஆளு. க்லிங்கிட் சனத்துல புள்ளைங்க என்னிக்கும் தாய் பக்கம்தானே? நேத்து வந்த வழக்கமா இது?

— எங்கப்பா படகும் அந்தப் பாறையிலதான் மோதிச்சு. எனக்குப் பால் பல்லு விழுற வயசு. கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு நாள் அந்தக் கொம்பு ரெண்டும் அப்பா உடம்பைக் கடல்ல போக விடாமப் பிடிச்சு வச்சிருந்துது. எனக்கு அப்பா மூஞ்சி மறந்து போச்சு மச்சான். வெக்கமா இருக்கு சொல்ல. பாறைதான் ஞாபகம் இருக்கு. அதைப் பின்னாம வேற எதைப் பின்னுவேன்?

— சின்ன மாமா குடுத்த உயிரும் எங்க வீட்டோடதான் சேரும் செலீனா. அவருக்காக அழ உனக்கு உரிமை இருக்கு. பாறையைப் போட்டுக்க உரிமை இல்ல. இதைச் சொல்ல எனக்கு வாயே வரல. ஆனா நாளைக்கு அத்தனை பேர் முன்னால எவனாவது எழுந்து சொல்றதுக்குப் பதிலா, இன்னிக்கு நான் சொன்னதா இருக்கட்டும்.

— சரி.

— என்ன சரி?

— சரின்னா சரி. அந்தக் கத்தியை எடு. ஜன்னல் கட்டையில இருக்கு பாரு. நாளைக்கு எங்கம்மா பேரைச் சொல்லிச் சனம் வயிறாரச் சாப்பிடணும். அந்த இடத்துல உங்க ஆளுங்க முகம் சுளிச்சா அம்மாவுக்குத்தான் அவமானம். லெஸ்டர் எங்க பழைய காக்கைத் தொப்பியைப் போட்டுக்கட்டும். இதுல பாறையை மட்டும் அறுத்து எடுத்துடறேன்.

— நடுவுல அறுத்தா பூ மட்டும் நிக்குமா?

— நிக்காது. மொத்தமும் அவிழ்ந்துடும்.

— அழாத புள்ள.

— நானா அழுறேன்? வேரை நனைச்சாத்தான் அறுக்க வரும். நனைக்கிறேன்.

— இரு இரு, கத்தியை வை. நான் இன்னும் முழுசாப் பார்க்கல. பார்த்துட்டுத்தான் வரணும்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க.

— பாரு. நல்லா பார்த்துக்க. அப்புறம் இருக்காது.

— வெளிச்சத்துக்குத் திருப்பு... அடியில இது என்ன கறுப்பா? பின்னல் பிசகிடுச்சா?

— என் பின்னல் பிசகுமா? வெடிப்பு அது. பாறைக்கு அடியில வெடிப்பு இருக்குல்ல?

— இருக்கு. அங்கதான் ஓடம் சொருகிச்சு. ஆனா அது தண்ணி நல்லா வத்தினாத்தானே தெரியும்? அதுவும் கடல் பக்கமாப் படகுல சுத்திப் போனாத்தான். உனக்கு யாரு காட்டினா?

— அத்தைதான்.

— எங்கம்மாவா!

— எனக்கு வேற எந்த அத்தை? கருப்பு லில்லி பூத்திருக்கு, கிழங்கு தோண்டலாம் வான்னு கூட்டிட்டுப் போவாங்க. அந்தப் பூ அடிக்கிற நாத்தத்துக்கு ரெண்டு பேரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டே தோண்டுவோம். திரும்பி வர்றப்போ பாறைகிட்ட மோட்டாரை நிறுத்திடுவாங்க. "உங்கப்பாவை வச்சிருந்த இடம், நல்லாப் பாரு"ன்னு சொல்லிட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க.

— நீ இதைப் பின்னுறது அம்மாவுக்கு மொதல்லயே தெரியுமா?

— தெரியுமாவா? வாரா வாரம் வந்து, இதோ இந்த நாற்காலியிலதான் உக்காருவாங்க. புகை போட்ட சால்மன் மீன் தட்டைக் காலி பண்ணிட்டுத்தான் எழுந்திருப்பாங்க. ஒரு தடவை, இடது கொம்பு சாய்ஞ்சிருக்குன்னு சொல்லி ஒரு கை நீளம் பிரிக்கக்கூட வச்சாங்க. தப்புன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லல மச்சான். ஏன் சொல்லல? என்னை ஊர் நடுவுல தலைகுனிய வைக்கவா?

— சரி சரி, கேளு... இல்ல இரு, நான் கொஞ்சம் யோசிக்கிறேன்.

— யோசி யோசி. அதுக்குள்ள நான் உருளைக்கிழங்கே விளைவிச்சுடுவேன்.

— எங்க பழைய கொம்புப் பாறைத் தொப்பி, ஊர் எரிஞ்சப்போ வீட்டோட போச்சுல்ல? அதுக்கப்புறம் எங்களுக்குத் தொப்பியே கிடையாது. வீட்டுக்குத் தலைவரா இருந்தும் பெரிய மாமா விருந்து விருந்தா வெறுந்தலையோட வந்து உக்கார்றாரு.

— புதுசு செஞ்சுக்க என்ன கேடு?

— எங்க கை செய்யக் கூடாதே! எங்க பாறையை எங்க ஆளே பின்னினா அது வெறும் கூடை. எதிர்ப்பக்கத்துக் கைதான் செய்யணும், ஊர் பார்க்கக் குடுக்கணும். காக்கைப் பக்கத்துல யாரையாவது கேக்கணும். பெரிய மாமா கேப்பாரா? சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாக்கூடக் கேக்க மாட்டாரு.

— எங்க பெரியப்பாவைச் சொல்றியா? கழுத்து வளையாத மனுஷன். அப்போ... நான் செஞ்சது திருட்டு இல்லையா?

— லெஸ்டர் தலையில ஏறினா திருட்டுதான். ஆனா நாளைக்கு விருந்து முடியுறப்போ எங்க பக்கத்துக்குப் பரிசு குடுப்பீங்கல்ல? கம்பளி, ஜாம், பாத்திரம்...

— அதோட சேர்த்து இதையும்.

— நான் கேக்கல. உன் ரெண்டு குளிர்காலம் அது. நான் கேக்கவும் கூடாது.

— இரு மச்சான். கொஞ்ச நேரம் இதை மடியில வச்சுக்கறேன்.

— வச்சுக்க.

— குடுத்துடறேன். அறுத்துப் போடறதுக்குப் பதிலா, அப்பாவோட ஆளுங்க தலையில இருக்கட்டும். எங்கப்பா வீட்டுல எனக்கு இடமில்லதான். இதாவது அங்க போகட்டும்.

— அந்தக் கத்தியை இப்படிக் குடு புள்ள, ஜன்னல்லயே வச்சுடறேன்.

— இந்தா. பெரியப்பா வாங்கிக்குவாரா, அதைச் சொல்லு. கேக்காமப் பின்னிட்டாள்னு அத்தனை பேர் முன்னால கையைத் தட்டி விட்டுட்டா? அப்புறம் நான் எந்தக் கடல்ல போய் விழறது?

— அதான் எனக்கும் பயமா இருக்கு. அவரு கோபம் ஊருக்கே தெரியும்.

— வீட்டுலதானே இருக்காரு? ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வாயேன்.

— இருக்காரு. நான் கிளம்பறப்போ அடுப்புப் பக்கத்துல தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. அம்மா அவருக்கு முடி வெட்டிக்கிட்டு இருந்தாங்க.

— பெரியப்பாவா? அத்தை கத்தரிக்கோலுக்குத் தலையைக் குடுத்தாரா? விருந்துக்கு முதல் நாள் என்ன முடிவெட்டு?

— நானும் அதைத்தான் கேட்டேன். அம்மாதான் சொன்னாங்க... நான் கம்பளிக் குல்லாவைச் சொல்றாங்கன்னு நினைச்சுட்டு வந்துட்டேனே! அட, நான் ஒரு மடையன்.

— என்ன மச்சான் சொன்னாங்க?

— "நாளைக்குத் தொப்பி அண்ணன் தலையில சரியா உக்காரணும்ல"ன்னாங்க.