மூன்றாவது பிக்கப்

பிரிட்ஜ் பிக்கப்பை மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது. கிட்டாரில் கம்பிகள் வந்து முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் காந்தச் சுருளின் தலையில் ஊர்ப்பட்ட பழியையும் போடுவார்கள். ஸ்க்ரூவை லேசாகத் திருப்பி, உயரத்தைச் சரிசெய்து கொடுத்தால், புதுசு போட்ட மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாகப் போவார்கள். நானும் வாயைத் திறக்க மாட்டேன்.

நேற்று நீங்கள் இந்தக் கிட்டாரை வாசித்துப் பார்த்துவிட்டு, என்ன பிக்கப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். இப்படிப் பேசுகிற கிட்டாரை யாராவது விற்பார்களா என்றும் கேட்டீர்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், இந்த நாற்காலியில் உட்காருங்கள்.

கிட்டார் என் மகளுடையது. அவள் அம்மா போனபோது இவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. சால்டரிங் புகையில் இருமிக்கொண்டே இந்தப் பட்டறையில்தான் வளர்ந்தாள். வாலு என்றுதான் கூப்பிடுவேன். பிறகு ஒரு பேண்டில் சேர்ந்தாள். டிரம்ஸ் வாசிக்கிற தோழிக்கு 'இடி' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெண் மாடியேறினாலே வீடு அதிரும், பெயர் பொருத்தம்தான்.

ஒருநாள் கிட்டாரைக் கொண்டுவந்து வைத்தாள். ஆம்ப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டினால் பிரிட்ஜ் பிக்கப் கீச்சிடுகிறது என்றாள். சுருளுக்குள் இருக்கும் மெழுகு விட்டுப்போனால் அப்படித்தான் கீச்சிடும். மறுபடி மெழுகில் முக்கி எடுத்தால் தீர்ந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், பேண்ட் மொத்தமாக வேறு ஊருக்குக் குடிபோகிறது, தானும் போகிறேன் என்றாள். பெரிய மேடைகள் அங்கேதானாம்.

"எப்பவாவது இந்தப் பக்கம் எட்டிப் பாப்பியா?" என்று கேட்டேன்.

"வராம எங்கப்பா போயிடப் போறேன்? என் துணியெல்லாம் வேற யாரு துவைப்பா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, பிக்கப் செத்துப்போச்சு, மாற்றித்தான் ஆகணும் என்றேன். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. இதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் இருந்திருப்பாள் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

எங்கள் பட்டறையில் பிக்கப் தேர்ந்தெடுக்க ஒரு வழக்கம் உண்டு. ஆளை அந்த ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிடுவேன். பெயரையும் பெட்டியையும் பார்த்தால் காது வேலை செய்யாது. ஒவ்வொன்றாக மாட்டி நான் வாசிப்பேன், அவர்கள் சொல்ல வேண்டும். வாலுவும் அப்படித்தான் உட்கார்ந்தாள். மூன்று பிக்கப் மாட்டிக் காட்டினேன். மூன்றாவதில் முதல் சுரம் கேட்டதுமே அவள் முதுகு நிமிர்ந்தது.

"இதுதான்பா. என் கை பேசுற மாதிரியே இருக்கு."

மூன்றுக்கும் ஒரே கறுப்பு மூடி. அவளுக்கு முதலாவதை மாட்டிக் கொடுத்தேன். மூன்றில் அதுதான் சோப்ளாங்கி. மூன்றாவதை மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரிட்ஜ் பக்கத்தில் கம்பி கொஞ்சமாகத்தான் ஆடும். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு வாசிக்கிறவரின் கை வேகம், அழுத்தம், தயக்கம் எல்லாவற்றையும் அந்தப் பிக்கப் போட்டு உடைத்துவிடும். அது மங்கினால் தன் கை மங்கியதாகத்தான் நல்ல கலைஞர் நினைப்பார். மோசமான கலைஞர் கிட்டாரைத் திட்டுவார். என் மகள் நல்ல கலைஞர்.

"அன்னிக்குக் கேட்டது மாதிரி இல்லியேப்பா" என்று முதல் வாரத்திலேயே சொன்னாள். புதுசு, பழகட்டும் என்றேன். அப்பா சொன்னால் சரி. அதற்குப் பிறகு அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் ஸ்க்ரூவை ஒரு துளி இறக்கினேன். பிக்கப் கம்பியைவிட்டு மெல்ல மெல்லக் கீழே போனது. ஓர் அளவுக்கு மேல் இறக்கினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் சுருளையே கழற்றி, முடியைவிட மெல்லிய அந்தச் செப்புக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினேன். பொறுமையான வேலை. எனக்குப் பொறுமை உண்டு.

அவள் ஆம்பில் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது, அந்தக் கூர்மை வரவில்லை. ஓங்கி ஓங்கி மீட்ட ஆரம்பித்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இன்னிக்கு நீங்க வாசிங்கப்பா, நான் கேக்குறேன்" என்றாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஸ்க்ரூவை உயர்த்தி வைத்தேன். ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஆம்பின் திருகையும் கொஞ்சம் கூட்டிவிட்டு, பலம்கொண்ட மட்டும் வாசித்தேன்.

அவள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "கிட்டார் நல்லாத்தான் இருக்கு. என் கைதான்பா செத்துப்போச்சு" என்றாள்.

அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் வாசித்தேன், அவ்வளவுதான்.

அவள் ஓய்ந்து உட்காருவாள், ஊருக்குப் போகிற பேச்சும் அதோடு அடங்கும் என்று நினைத்தேன். என் மகளை எனக்கே சரியாகத் தெரியவில்லை. செத்த கையை எழுப்புகிறேன் என்று பகல் முழுக்கச் சாதகம் செய்தாள். மணிக்கட்டு வீங்கியது. துணி சுற்றிக்கொண்டு மீட்டினாள். அது முறிகிற மாதிரி வலித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுத்துச் சரிசெய்யலாம் என்றார். என்னைப் பார்த்து, "என்னப்பா பண்ணலாம்?" என்று கேட்டாள். டாக்டர் சொன்னால் செய்துகொள்ளம்மா என்றேன்.

ஆபரேஷன் முடிந்ததும் வலி போய்விட்டது. கூடவே கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சியும் போய்விட்டது. கிட்டார் மீட்டுகிற சின்னத் தகட்டை, அந்தப் பிக்கைப் பிடித்தால் நழுவி விழும். குனிந்து எடுப்பாள், மறுபடி விழும். எத்தனை தடவை விழுந்தாலும் முகம் மாறாமல் குனிந்து எடுப்பாள். அதைப் பார்த்து இந்தப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதிருக்கிறேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

பேண்ட் அவளில்லாமல் கிளம்பியது. இடி வந்து இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தோம். காலையில் அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவேன், தலை பின்னிவிடுவேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்ததுதான். அவளும் அப்போது போலவே பேசாமல் உட்கார்ந்திருப்பாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

போன வாரம், "அதை வித்துடுங்கப்பா, யாராவது வாசிக்கட்டும்" என்றாள். சரி என்றேன். இங்கேதான் நான் சறுக்கினேன். சுருள் உருவிய பிக்கப்போடு ஒரு கிட்டாரை வெளியே அனுப்ப எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் இந்தப் பட்டறையிலிருந்து மட்டமான சாமான் எதுவும் போனதில்லை. டிராயரைத் திறந்து மூன்றாவதை எடுத்து மாட்டினேன். உயரத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். நேற்று நீங்கள் வாசித்தது அதைத்தான்.

நீங்கள் போனதும் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதை இன்னொரு தடவை வாசிங்கப்பா."

வாசித்தேன். ஆம்பைத் தொடவில்லை. அவள் முதுகு நிமிர்ந்தது.

"இது அன்னிக்கு நான் எடுத்தது. இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

"டிராயர்லம்மா."

சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். தொலைந்த சாமானைத் தேடுகிற மாதிரி இருந்தது.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சாப்பா?"

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேலே போனாள். இன்று காலை துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு இறங்கினாள். சட்டைக்குப் பொத்தான் போட்டிருக்கவில்லை, மேலே ஒரு துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். பையின் ஜிப் விரலுக்குப் பிடிபடவில்லை. நான் கிட்டே போனேன். "வேணாம்பா" என்றாள். குனிந்து, ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்து மூடினாள். ராத்திரியே போன் போட்டு வரவழைத்திருப்பாள் போல, வெளியே இடி வண்டியோடு நின்றிருந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்த மாதிரிதான் நீங்களும் இப்போது பார்க்கிறீர்கள்.

கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன பிக்கப் என்று கேட்டீர்களே, என் மகள் எடுத்த பிக்கப் என்று சொல்லுங்கள். எத்தனை நாள் கழித்து, எத்தனை மட்டமான சத்தத்தையெல்லாம் கேட்ட பிறகு, மாடியில் இருந்துகொண்டே கண்டுபிடித்துவிட்டாள் பாருங்கள். அப்பேர்ப்பட்ட காது அவளுக்கு. அந்தக் காதில் நான் கை வைக்கவே இல்லை.