இன்னும் கால் சுத்து

— இன்னும் கொஞ்சம் பெட்ரோலத் தொறந்து விடு நல்லகாமா. ஞாயித்துக்கிழமை அழகர்கோயில் வரைக்கும் பழைய கார் ஓட்டம். பாதி வழியில நின்னா மதுரையே சிரிக்கும்.

— தொறந்து பாத்தாச்சு ஜனகராஜ் மொதலாளி. பின்னாடி பாருங்க, பொகை கன்னங்கரேல்னு வருது. அம்புட்டுப் பெட்ரோல் போயும் இஞ்சின் காத்துப் பத்தாத மாதிரி இல்ல, காத்துக் கூடுன மாதிரி தும்முது. என்னா வண்டி இது!

— முப்பத்தெட்டாம் வருசத்து வண்டி. எங்கப்பா சுங்குடிச் சேல வித்து வாங்குனது. மரியாதையாப் பேசு.

— ஏங்க, நான் ஒண்ணு சொல்லலாமா?

— நீ பின் சீட்டுல நெழலா உக்காரு சீதா. வெயிலு.

— அக்கா சொல்லட்டும் மொதலாளி.

— ஊதல் சத்தம் ஒண்ணு வருது தம்பி. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்ததும், உதட்டுக்குள்ளயே விசிலடிக்கற மாதிரி, மெல்லிசா. இஞ்சின் சூடானாத்தான் வரும். எடப்பக்கம்.

— இருவது வருசமா ஓட்டுறேன். எனக்குக் கேக்காத விசிலு இவளுக்குக் கேக்குதாம்!

— இருங்க மொதலாளி. கார்ப்பரேட்டர் இஞ்சினோட சேர்ற எடத்துல ரெண்டு சொட்டு ஆயில் விடுறேன். சத்தத்த மட்டும் கவனிங்க... இந்தா! மாறுச்சா இல்லையா?

— அட, தும்மல் நின்னுருச்சே!

— ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பேக்கிங் அட்டை வெடிச்சுருக்கு. அந்த வெடிப்பு வழியாத் திருட்டுக் காத்து உள்ள போகுது. நான் ஸ்க்ரூவத் திருகிப் பெட்ரோலக் கூட்டக் கூட்ட, அது பாட்டுக்குக் காத்த இழுத்துருக்கு. காலையில இருந்து வெட்டியா மல்லுக்கட்டிருக்கேன். அக்காவுக்கு என்னா காது!

— சரி, பேக்கிங்குக்கு எங்க போறது?

— அட்டையில வெட்டிப் போட்டுருவேன். அர மணி நேரம்.

— அப்ப நான் தர்காப் பக்கம் போயி டீ வாங்கியாறேன். சீதா, உனக்கு?

— பாலு போதும்.

— எனக்குச் சீனி கம்மியா மொதலாளி!

— போயிட்டாகளா தம்பி?

— தெரு முக்குத் திரும்பிட்டாரு.

— கையெடுத்துக் கும்புடுறேன். போன மாசம் அலங்காநல்லூர் ரோட்டுல வண்டி நின்னு, அந்தப் பக்கமா வந்த நீங்க கெளப்பிக் குடுத்தீங்களே, அதப் பத்தி இவுககிட்ட வாயத் தொறந்துராதீங்க.

— சொல்லுவனா அக்கா? ஆனா அன்னைக்கு நடு ரோட்டுல சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு, பானட்டத் தொறந்து வச்சு, பிளக்கக் கழத்தித் தொடச்சுக்கிட்டு நின்னீகளே! பஸ்ஸுல போற சனம் பூராம் எட்டி எட்டிப் பாக்குது, நீங்க தல நிமிரல. வீட்டுல போயி எம் பொஞ்சாதி ஜெயக்கொடிகிட்டப் பேரு சொல்லாமச் சொன்னேன். நம்ப மாட்டேன்னுட்டா.

— முன்னாடி கடை வேன ஓட்டுன டிரைவர் கருப்புதான் அதுல கத்துக் குடுத்தாரு. லைசென்ஸும் எடுத்துட்டேன். இவுக கடையில இருக்கற மத்தியானத்துல எடுப்பேன். எங்கயும் போறதில்ல தம்பி. வயக்காட்டு ரோட்டுல நாலு மைலு, அப்பறம் திரும்பிருவேன். அந்த நாலு மைலுக்கு நான் யாருக்கும் சோறு போட வேணாம், பதில் சொல்ல வேணாம்.

— மொதலாளிகிட்டச் சொல்லிப் பாக்கலாமுல்ல?

— கூடப் பொறந்தவங்களயே இந்த வண்டியத் தொட விட்டதில்ல. தெரிஞ்சா அடுத்த நாளே வித்துருவாக. எனக்கு அது தாங்காது.

— பேசாதீங்க, வாராரு.

— இந்தா சீதா, பாலு. ஆறிப் போகும், குடி. என்ன நல்லகாமா, முடிஞ்சுச்சா?

— மாட்டியாச்சு மொதலாளி. இப்ப ஸ்டார்ட் பண்ணி, கூட்டி வச்ச பெட்ரோலக் கொறைக்கறேன். கேளுங்க... அரைச் சுத்து... ஒரு சுத்து...

— பொகை வெளுத்துருச்சு!

— இம்புட்டுப் போதும்னு நெனைக்கறேன்.

— இல்ல தம்பி. தொண்ட கட்டுன மாதிரி இருக்கு. இன்னும் கால் சுத்து உள்ள.

— கால் சுத்தா? இந்தா... அம்மாடி! மொதலாளி, பானட் மேல கைய வைங்க. இஞ்சின் ஓடுதா நிக்கிதான்னே தெரியல. பதினாறு வருசமா இந்தப் பட்டறையில நிக்கிறேன், இப்பிடி ஒரு காதப் பாத்ததில்ல. இந்த ட்யூனிங் என்னோடது இல்ல, அக்காவோடது.

— அது சரிதான்.

— வாங்க மொதலாளி, பாலத்துல ஒரு ஏத்தம் ஏத்திப் பாருங்க.

— நான் ஓட்டல. சீதா, எறங்கி முன்னாடி வா.

— உங்க பக்கத்துலயா?

— நான்தான் உன் பக்கத்துல. ஸ்டியரிங் முன்னாடி உக்காரு.

— ஏங்க... என்ன சொல்றீங்க?

— ஓட்டப் போற உனக்குச் சரியா இருக்கணும்னுதான உன்னயவும் கூட்டியாந்தேன். ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்கு உம் பேரக் குடுத்துட்டேன்.

— எம் பேரையா?

— ஆமா. லைசென்ஸ் நம்பரும் கேட்டாங்க. அரிசிப் பானைக்குள்ள கைய விட்டு எடுத்து, பாத்து எழுதிட்டு, இருந்த மாதிரியே பொதச்சு வச்சுட்டேன்.