கவினின் மூன்று கேள்விகள்

துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் என்னைப் போலப் பொறாமை இல்லாத ஒருவனை நீங்கள் பார்க்க முடியாது, மேடம். விசாரணையில் முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் கவினும் ஒரே பல் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர்கள். அடுத்தடுத்த நாற்காலி. வலிப்பு உள்ளவர் யார் வந்தாலும் கவின் மூன்று கேள்வி கேட்பான். மாத்திரை போட்டீங்களா, சாப்டீங்களா, நல்லாத் தூங்குனீங்களா. மூன்றுக்கும் கேஸ் ஷீட்டில் சிவப்பு டிக். பிறகு விளக்கு கண்ணில் அடிக்காமல் திருப்பி வைப்பான். புது மாப்பிள்ளையை விசாரிக்கும் மாமியார் போல அதை நான் ஹாஸ்டல் தின மேடையில் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், எங்கள் வகுப்பு மானசாவைத் தவிர. அடுத்த வாரம் அவளும் சிவப்புப் பேனா வாங்கினாள். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அன்னூர் பாப்பாயி அக்காவுக்கு வலிப்பு மாத்திரையால் ஈறு வளர்ந்து பல்லை மூடியிருந்தது. எட்டு வருடமாக வாயைப் பொத்தித்தான் சிரிப்பாராம். கவின் வாரா வாரம் செதுக்கிப் பாதி வாயைச் சரிசெய்திருந்தான். அவர் என்னை "டாக்டருங்க" என்பார். அவனை "கண்ணு" என்பார்.

"ஏங் கண்ணு, உம்பட கைக்கு மட்டுந்தான் நான் வாயத் தொறப்பேன்" என்றார் ஒருநாள். மானசா சிரித்தாள். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறைக்கு முந்தின நாள் அக்கா எங்கள் பிரிவுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிறு என்று நினைப்பவர்கள் அதிகம்.

"நாளைக்குச் சாப்புடாம வாரதுங்களா?"

"ஆமாங்க."

"மாத்திரையுமுங்களா?"

"எதும் சாப்புடாம வாங்கக்கா."

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் போன் பேச்சின் பதிவு உங்கள் மேசையில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மரியாதை ஒரு இடத்தில்கூடக் குறையாது.

மறுநாள் கவின் மரப்பு ஊசி எடுத்துவரப் போயிருந்தபோது அவரை உட்கார வைத்தது நான். திரும்பி வந்தவன் கேஸ் ஷீட்டைத் தேடினான்.

"மூணும் கேட்டாச்சுடா. எல்லாம் ஓகே" என்றேன்.

"தேங்க்ஸ்டா ரவி" என்றான்.

அந்த மூன்று டிக்கும் என் கை. பேனா மானசாவுடையது.

பத்து நிமிடத்தில் வலிப்பு வந்தது. கருவியை அவன் வெளியே எடுப்பதற்குள் முன்பல் இரண்டு அதைக் கடித்து உடைந்தன. நாக்கும் கிழிந்தது. கவின் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தான். வாயில் எதையும் திணிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் எண்ணினான். எல்லாம் சரி. அவன் எதைச் செய்தாலும் சரியாகத்தான் இருக்கும், அலுப்பாக இருக்கும்.

மூன்றும் கேட்டாச்சு என்று நான் சொன்னதை அவன் உங்களிடம் சொல்லவில்லை. "நானே கேட்டிருக்கோணும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தானாம். அதிலும் அவனுக்குத்தான் நல்ல பெயர்.

அவனைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்த பிறகு அவன் நாற்காலி எனக்கு வந்தது. நேற்று பாப்பாயி அக்கா வந்தார், வாயைப் பொத்திக்கொண்டு. நான் விளக்கைத் திருப்பி வைத்தேன்.

"மாத்திரை போட்டீங்களாக்கா? சாப்டீங்களா? நல்லாத் தூங்குனீங்களா?"

"எல்லாம் ஆச்சு கண்ணு" என்றார்.

மூன்று டிக் போட்டேன். பொறாமை என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால், மேடம், அது நேற்றோடு குணமாகியிருக்கும்.